எல்மைராவிலிருந்து 'கிளிக் இட் ஆர் டிக்கெட்' வரை: அமெரிக்காவில் சீட் பெல்ட் அமலாக்க இயக்கங்களின் வரலாறு

காரில் செல்வோர் சீட் பெல்ட் அணிவதைப் பழக்கமாக்குவதற்காக அமெரிக்காவின் நகரக் காவல் துறைகளும் மாவட்ட, மாநிலக் காவல் துறைகளும் நடத்திய குறுகிய கால இயக்கங்கள், இருபதாம் நூற்றாண்டின் பொதுநலவாழ்வு வரலாற்றில் தனி இடம் பெற்றவை. இரண்டு அல்லது மூன்று வாரங்களுக்கு, முன்கூட்டியே ஊரறிய அறிவித்துவிட்டு, தெருவில் நின்று அபராதம் விதிப்பது இவற்றின் பொது வடிவம். 1985இல் நியூயார்க் மாநிலத்தின் எல்மைரா என்ற சிறு நகரில் இம்முறை சோதிக்கப்பட்டது. 1993இல் வட கரோலினா மாநிலம் முழுவதும் பரவியது. 2003இல் 'கிளிக் இட் ஆர் டிக்கெட்' என்ற பெயரில் நாடு தழுவிய இயக்கமாயிற்று. பெல்ட்டைக் கொக்கியில் மாட்டும்போது எழும் ஓசை 'கிளிக்'. 'டிக்கெட்' என்பது காவலர் எழுதித் தரும் அபராதச் சீட்டு. ஒன்று அந்த ஓசை கேட்கட்டும், இல்லையேல் சீட்டு வரும் என்பது அந்த வாசகத்தின் பொருள்.

அறிவுரையும் கருவியும் சட்டமும் ஒவ்வொன்றாகத் தோற்ற இடத்தில் இந்த எளிய முறை வென்றது. ஆனால் அந்த வெற்றிக்கு ஒரு விலையும் இருந்தது.

பெல்ட் இருந்தது, அணிவார் இல்லை

இன்று கார்களில் உள்ள, தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கும் மூன்று முனைப் பெல்ட்டை ஸ்வீடன் நாட்டுப் பொறியாளர் நில்ஸ் போலின் வால்வோ நிறுவனத்துக்காக வடிவமைத்தார். 1959இல் அது கார்களில் இடம்பெற்றது. அமெரிக்காவில் விற்கப்படும் புதிய கார்களில் சீட் பெல்ட் இருந்தாக வேண்டும் என்ற கூட்டாட்சி விதி 1968 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. முன் இருக்கையில் இருப்பவர் பெல்ட் அணிந்திருந்தால் விபத்தில் இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 45 விழுக்காடு குறைகிறது என்பது அந்நாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்தின் கணக்கு. இத்தனை இருந்தும், 1980களின் தொடக்கத்தில் நகரச் சாலைகளில் நின்று கணக்கெடுத்தபோது நூறு ஓட்டுநர்களில் ஏறத்தாழ 14 பேர்தான் பெல்ட் அணிந்திருந்தனர். மற்றவர்கள் அதன் மேலேயே உட்கார்ந்து ஓட்டினார்கள்.

மக்களுக்கு எடுத்துச் சொன்னால் போதும் என்ற நம்பிக்கை முதலில் வலுவாக இருந்தது. அதை நேர்த்தியாகச் சோதித்தவர் லியோன் ராபர்ட்சன் என்ற ஆய்வாளர். 1970களின் தொடக்கத்தில், ஓர் ஊரின் கேபிள் தொலைக்காட்சி இரண்டு தனித்தனி இணைப்புகளாக வீடுகளுக்குச் செல்வதை அவரது குழு பயன்படுத்திக்கொண்டது. ஓர் இணைப்பில் மட்டும் ஒன்பது மாதங்கள் சீட் பெல்ட் விளம்பரங்கள் ஒளிபரப்பாயின. தெருமுனைகளில் நின்றவர்கள் யார் பெல்ட் அணிந்திருக்கிறார் என்று பார்த்து, வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டார்கள். அந்த எண்ணை வைத்து, அது எந்த இணைப்பைச் சேர்ந்த வீடு என்று கண்டறிந்தனர். விளம்பரம் பார்த்த வீட்டாருக்கும் பார்க்காதவர்களுக்கும் வேறுபாடே இல்லை. 1974இல் வெளியான இந்த முடிவு விளம்பரத் துறையினருக்கு உவப்பாக இருந்திருக்காது.

மனிதரை மாற்ற முடியாவிட்டால் இயந்திரத்தை மாற்றலாம் என்பது அடுத்த எண்ணம். 1974ஆம் ஆண்டு மாதிரிக் கார்களில், முன் இருக்கையில் இருப்பவர் பெல்ட் மாட்டாவிட்டால் வண்டி கிளம்பாது என்ற பூட்டு பொருத்தப்பட்டது. இருக்கையில் மளிகைப் பையை வைத்தாலும் ஆள் இருப்பதாக எண்ணி வண்டி அடம்பிடித்தது. எரிச்சலடைந்த மக்கள் கம்பிகளை அறுத்தார்கள். காங்கிரஸ் உறுப்பினர்களுக்குக் கடிதங்கள் குவிந்தன. அதே ஆண்டு அக்டோபரில் அந்தப் பூட்டைக் கட்டாயமாக்கக் கூடாது என்று காங்கிரஸ் சட்டமே இயற்றிவிட்டது. கார் தன் உரிமையாளருக்கு உத்தரவு போடுவதை அந்நாடு பொறுத்துக்கொள்ளவில்லை. காவலர் உத்தரவு போடுவதைப் பொறுத்துக்கொள்ளுமா என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

சட்டம் வந்த வழி

பெல்ட் அணிவதை உலகில் முதலில் சட்டமாக்கியது ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம், 1970 டிசம்பரில். கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் 1976 ஜனவரியில் பின்பற்றியது. அமெரிக்காவில் சட்டம் வந்த கதை சற்றுக் கோணலானது. 1984 ஜூலையில் போக்குவரத்துத் துறைச் செயலர் எலிசபெத் டோல் ஒரு விதியை வெளியிட்டார். கார் நிறுவனங்கள் காற்றுப்பை போன்ற தானியங்கிப் பாதுகாப்பைப் படிப்படியாகப் பொருத்த வேண்டும். ஆனால் 1989 ஏப்ரலுக்குள் நாட்டு மக்கள்தொகையில் மூன்றில் இரண்டு பங்கினர் வாழும் மாநிலங்கள் தகுதியான பெல்ட் சட்டம் இயற்றிவிட்டால் அந்தக் கட்டாயம் நீங்கும். காற்றுப்பைச் செலவைத் தவிர்க்க விரும்பிய கார் நிறுவனங்கள், பெல்ட் சட்டத்துக்காக மாநிலத் தலைநகரங்கள்தோறும் பணம் செலவழித்து ஆதரவு திரட்டின. பல மாநிலங்களில் சட்டம் பிறந்ததற்கு மக்கள் நலனில் பிறந்த அக்கறையை விட இந்தக் கணக்குதான் பெரிய காரணம்.

அப்படிப் பிறந்த சட்டங்கள் பலவும் பல்லில்லாதவையாக இருந்தன. அபராதம் 10, 25 டாலர் அளவில் நின்றது. பெரும்பாலான மாநிலங்களில், பெல்ட் அணியவில்லை என்பதற்காக மட்டும் காவலர் வண்டியை நிறுத்த முடியாது. வேகம், சிவப்பு விளக்கு என வேறு ஏதாவது மீறலுக்காக நிறுத்தியிருந்தால்தான் பெல்ட்டுக்கும் சேர்த்து அபராதம் எழுதலாம். இதை 'இரண்டாம்நிலை அமலாக்கம்' என்றும், நேரடியாகவே நிறுத்த அனுமதிப்பதை 'முதல்நிலை அமலாக்கம்' என்றும் அழைக்கிறார்கள். பின்னர் முப்பதாண்டு நீண்ட சட்டமன்றச் சண்டைகள் இந்த ஒரு வேறுபாட்டைச் சுற்றியே நடந்தன.

முதல் சட்டம் நியூயார்க்கினுடையது. ஆளுநர் மாரியோ குவோமோ கையெழுத்திட்ட அது, 1984 டிசம்பரில் நடைமுறைக்கு வந்து, 1985 ஜனவரி முதல் அபராதத்துக்கு வழி செய்தது. நியூயார்க் முதல்நிலை அமலாக்கத்தைத் தேர்ந்தெடுத்தது. சட்டத்துக்கு முன் 16 விழுக்காடாக இருந்த பெல்ட் பயன்பாடு 1985 ஏப்ரலில் 57ஐத் தொட்டது. செப்டம்பரில் 46க்கு இறங்கிவிட்டது. சட்டம் வந்த புதிதில் பயந்தவர்கள், யாரும் பிடிக்கவில்லை என்று கண்டதும் பெல்ட்டைக் கழற்றிவிட்டார்கள்.

எதிர்ப்பும் சிறிதல்ல. மாசசூசெட்ஸில் 1986 ஜனவரியில் வந்த சட்டத்தை, வானொலி உரையாடல் நிகழ்ச்சிகளில் மூண்ட எதிர்ப்பின் பின்னணியில், அவ்வாண்டு நவம்பர் பொதுவாக்கெடுப்பில் மக்களே தூக்கி எறிந்தனர். நெப்ராஸ்காவிலும் அதே நாளில் அதுவே நடந்தது. மாசசூசெட்ஸுக்கு மறுபடி சட்டம் கிடைக்க 1994 ஆயிற்று.

கனடாவில் கற்ற பாடம்

சட்டம் வந்ததும் ஏறி, பிறகு இறங்கும் இந்தப் போக்கை அமெரிக்காவுக்கு முன்பே கனடா பார்த்துவிட்டது. 1979 இலையுதிர் காலத்தில் ஒட்டாவா நகரக் காவல் துறை ஒரு சோதனையில் இறங்கியது. ஆண்டு முழுவதும் மெல்லிய அமலாக்கம் செய்வதற்குப் பதிலாக, குறிப்பிட்ட சில வாரங்களில் பெல்ட்டை மட்டும் குறிவைத்துத் தீவிரமாக அபராதம் விதிப்பது, அதை வானொலியிலும் நாளிதழிலும் உரக்கச் சொல்வது என்பதே அதன் திட்டம். பிரையன் ஜோனாவும் அவருடன் பணியாற்றியவர்களும் இதை அளந்தனர். 58 விழுக்காடாக இருந்த பயன்பாடு 80 ஆனது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது 70இல் நின்றது. முழுவதும் சரியவில்லை என்பதுதான் இதில் முக்கியம். ஒவ்வோர் அலைக்கும் பின் நீர் வடிந்தாலும், முன்பைவிடச் சற்று மேலே நின்றது. கனடா இதே முறையை மாகாணம் மாகாணமாகத் திரும்பத் திரும்பச் செய்து, 1990களில் 90 விழுக்காட்டைக் கடந்தது.

எல்மைரா, 1985

நியூயார்க் மாநிலத்தின் தென் எல்லையில் உள்ள எல்மைரா அப்போது ஏறத்தாழ 35,000 பேர் வாழ்ந்த நகரம். மார்க் ட்வைன் கோடைக்காலங்களைக் கழித்த ஊர். அவருடைய கல்லறையும் அங்கேதான். கார் காப்பீட்டு நிறுவனங்கள் நிதியளித்து நடத்தும் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆய்வுக் கழகம், ஒட்டாவா முறை அமெரிக்க மண்ணில் செல்லுபடியாகுமா என்று பார்க்க இந்த ஊரைத் தேர்ந்தெடுத்தது. தனக்கென நாளிதழும் வானொலியும் காவல் துறையும் கொண்ட, பெருநகரத்தின் நிழலில் இல்லாத ஊராக இருந்தது இதற்கு வசதியாக அமைந்தது. ஒப்பீட்டுக்காக, இயக்கம் எதுவும் நடக்காத வேறொரு நியூயார்க் நகரிலும் கணக்கெடுத்தனர்.

வேலை ஓர் ஒழுங்கில் நடந்தது. முதலில் சாலைச் சந்திப்புகளில் ஆட்கள் நின்று, கடந்து செல்லும் ஓட்டுநர்களில் எத்தனை பேர் தோள் பெல்ட் அணிந்திருக்கிறார்கள் என்று எண்ணினார்கள். கேள்வித்தாள் கொடுத்துக் கேட்டால் எல்லோரும் அணிவதாகவே சொல்வார்கள். அதனால் கண்ணால் கண்டு எண்ணுவதுதான் இந்த ஆய்வுகளின் அடித்தளம், இன்றுவரை அப்படியே. பிறகு, காவல் துறை பெல்ட் விதியைக் கண்டிப்பாக அமல்படுத்தப் போகிறது என்று ஊருக்கு அறிவித்தார்கள். அடுத்து எச்சரிக்கை, அதன்பின் அபராதம். எல்லாம் சேர்ந்து மூன்று வாரம்.

1985 இலையுதிர் காலத்தில் நடந்த இந்த இயக்கத்துக்கு முன் பயன்பாடு 49 விழுக்காடு. முடிவில் 77. நான்கு மாதம் கழித்து 66க்கு இறங்கியிருந்தது. 1986 வசந்தத்தில் ஊருக்கு நினைவூட்டும் விதமாகச் சிறிய இயக்கம் ஒன்றை மறுபடி நடத்தினார்கள். 80ஐத் தொட்டது. ஒட்டாவாவில் கண்ட அதே ஏற்றமும் அதே வடிதலும் இங்கும் தெரிந்தன. ஒரு முறை செய்துவிட்டு ஓய முடியாது என்பதும், இரண்டாவது முறை ஊரைத் தட்டி எழுப்புவது எளிது என்பதும் ஒரே ஆய்வில் தெரிய வந்தன.

எல்மைராவின் பாடம் அபராதங்களின் எண்ணிக்கையைப் பற்றியதல்ல. ஒரு சிறு நகரக் காவல் துறையிடம் இருக்கும் ஆட்களைக் கொண்டு மூன்று வாரத்தில் அந்த ஊர் ஓட்டுநர்களில் சிறு பகுதியினரைத்தான் நிறுத்த முடியும். நிறுத்தப்படாதவர்கள்தான் பெரும்பான்மை; அவர்கள்தான் பெல்ட் அணியத் தொடங்கினார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்குச் சீட்டு கிடைத்தது, நாளிதழில் படம் வந்தது, பாலத்தருகே காவலர் நிற்கிறார் என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள். 25 டாலரோ 50 டாலரோ என்ற தொகையைவிட, இன்று நான் பிடிபடுவேன் என்ற எண்ணமே கையைக் கொக்கியிடம் கொண்டுபோனது. தொலைக்காட்சிச் சோதனையில் தோற்ற விளம்பரம் இங்கே வேலை செய்ததற்கும் காரணம் இதுவே. அங்கே விளம்பரம் 'பெல்ட் உயிரைக் காக்கும்' என்று சொன்னது. அது எல்லோருக்கும் தெரிந்த செய்தி; தனக்கு விபத்து நேராது என்று நம்புகிறவரை அது தொடுவதில்லை. இங்கே விளம்பரம் 'வரும் திங்கள் முதல் காவலர் நிற்பார்' என்றது. திங்களன்று காவலர் நின்றார்.

முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் பிடிப்பது காவல் துறையினர் பலருக்கு முதலில் விந்தையாகப் பட்டிருக்கலாம். திருடனிடம் நாள் குறித்துச் சொல்லிவிட்டா வலை விரிப்பார்கள்? ஆனால் இங்கே நோக்கம் பிடிப்பதன்று. எல்லோரும் அணிந்து வந்து, பிடிக்க ஆளே இல்லாமல் போவதுதான் வெற்றி.

வட கரோலினா, 1993

எல்மைரா போன்ற ஊர்ச் சோதனைகள் 1980களின் பிற்பகுதியில் பல இடங்களில் நடந்தன. ஊருக்கு நல்லது செய்ததை ஒரு மாநிலத்துக்கே செய்ய முடியுமா என்ற கேள்வி 1993 வரை காத்திருந்தது.

வட கரோலினாவில் பெல்ட் சட்டம் 1985 அக்டோபரில் வந்தது. முதல் பதினைந்து மாதங்கள் எச்சரிக்கைச் சீட்டு மட்டும். 1987 ஜனவரி முதல் 25 டாலர் அபராதம். சட்டத்துக்கு முன் ஏறத்தாழ 25 விழுக்காடாக இருந்த பயன்பாடு எச்சரிக்கைக் காலத்தில் 45ஐ ஒட்டி நின்றது. அபராதம் தொடங்கிய மாதத்தில் 78க்குத் தாவியது. பிறகு வழக்கம்போல் வடிந்து, 1990களின் தொடக்கத்தில் 65க்குக் கீழும் மேலுமாக ஊசலாடியது. மறுபடி ஆளுநராகப் பொறுப்பேற்றிருந்த ஜிம் ஹண்ட் இதைத் தன் அரசின் திட்டமாக எடுத்துக்கொண்டார். காப்பீட்டாளர்களின் ஆய்வுக் கழகமும் வட கரோலினா பல்கலைக்கழகத்தின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆய்வு மையமும் துணை நின்றன. 1993 அக்டோபரில் 'கிளிக் இட் ஆர் டிக்கெட்' என்ற வாசகம் முதன்முறையாகச் சாலையோரப் பலகைகளில் ஏறியது.

மாநில நெடுஞ்சாலை ரோந்துப் படை, மாவட்ட ஷெரிஃப்கள், நகரக் காவலர்கள் என்று ஏறத்தாழ எல்லாக் காவல் அமைப்புகளும் இதில் சேர்ந்தன. ஆயிரக்கணக்கான இடங்களில் வாகனத் தணிக்கை நடந்தது. பல்லாயிரம் அபராதச் சீட்டுகள் எழுதப்பட்டன. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 1979ஆம் ஆண்டுத் தீர்ப்பின்படி காரணமின்றித் தனி ஒரு வண்டியை நிறுத்துவது கூடாது. தணிக்கைச் சாவடியில் முறைப்படி எல்லா வண்டிகளையும் நிறுத்தும்போது அந்தச் சிக்கல் குறைந்தது. மது அருந்தியவர்களைத் தேடும் சாவடிகள் செல்லும் என்று 1990இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்ததும் துணையாயிற்று. மேலும் ஒரு பலன் காவல் துறையினரை இத்திட்டத்தின்பால் ஈர்த்தது. பெல்ட்டுக்காக வண்டிகளை நிறுத்தியபோது குடித்துவிட்டு ஓட்டியவர்களும், திருடப்பட்ட கார்களும், தேடப்பட்டு வந்தவர்களும் அகப்பட்டனர். 'பெல்ட் பார்ப்பதா எங்கள் வேலை' என்று முணுமுணுத்த காவலர்களுக்கு இது பெரிய சமாதானமாக அமைந்தது.

இயக்கம் தொடங்கிய சில மாதங்களில் ஓட்டுநர் பெல்ட் பயன்பாடு 65இலிருந்து 80 விழுக்காட்டுக்கு உயர்ந்தது. அலைகளைத் திரும்பத் திரும்ப எழுப்பியதால் அது முன்புபோல் அடிமட்டத்துக்கு வடியவும் இல்லை.

மறுபடி எல்மைரா, பிறகு நாடு

வட கரோலினாவைப் பார்த்து எல்லா மாநிலங்களும் உடனே கிளம்பிவிடவில்லை. காற்றுப்பையால் குழந்தைகள் இறந்த செய்திகள் 1990களின் நடுப்பகுதியில் அதிர்ச்சி தந்த பிறகே, குழந்தைகளைப் பின்னிருக்கையில் பெல்ட்டோடு உட்கார வைப்பதை முன்னிட்டு நாடளாவிய அமலாக்க வாரங்கள் தொடங்கின. இடையில் 1999இல், காப்பீட்டாளர்களின் கழகம் பழைய இடத்துக்கே திரும்பிப் போனது. எல்மைரா நகரும் அதைச் சுற்றியுள்ள செமங் மாவட்டமும் சேர்ந்து மறுபடி மூன்று வார இயக்கம் நடத்தின. 63 விழுக்காடு 90 ஆனது. பதினான்கு ஆண்டுகளில் ஊர் பழைய பழக்கத்துக்குக் கணிசமாகத் திரும்பியிருந்தது என்பதை அந்த 63 காட்டியது. கண்டிப்பு உண்மையானதாக இருந்தால் 90ஐத் தொடலாம் என்பது அமெரிக்காவில் பலர் நம்பாத செய்தி.

2000 நவம்பரில் தென் கரோலினாவும், 2001 மே மாதத்தில் அலபாமா, புளோரிடா, ஜார்ஜியா, கென்டக்கி, மிசிசிப்பி, டென்னசி, இரு கரோலினாக்கள் என எட்டுத் தென்கிழக்கு மாநிலங்களும் 'கிளிக் இட் ஆர் டிக்கெட்' நடத்தின. எட்டிலும் சேர்த்துப் பயன்பாடு 65இலிருந்து 74க்கு உயர்ந்தது. இதில் சில மாநிலங்கள் இரண்டாம்நிலைச் சட்டம் மட்டுமே வைத்திருந்தவை.

அடுத்த ஆண்டு நடந்த ஒப்பீடுதான் தேசிய இயக்கத்துக்கு வழி திறந்தது. 2002 மே மாதத்தில், அமலாக்கத்தோடு கட்டண விளம்பரமும் முழுமையாகச் செய்த பத்து மாநிலங்களில் பயன்பாடு 8.6 புள்ளிகள் கூடியது. குறைவாக விளம்பரம் செய்த நான்கில் 2.7 புள்ளி. விளம்பரமே செய்யாத நான்கில் அரைப் புள்ளி. அமலாக்கம் இல்லாத விளம்பரம் பயனற்றது என்று 1974இல் தெரிந்தது. விளம்பரம் இல்லாத அமலாக்கமும் அப்படியே என்று 2002இல் தெரிந்தது. முதல்நிலைச் சட்டத்தையும் அதே கோடையில் கொண்டுவந்த வாஷிங்டன் மாநிலம் ஓராண்டில் 83இலிருந்து 93க்குப் போனது.

2003 மே மாதம், கூட்டாட்சி அரசின் விளம்பர நிதியோடு இயக்கம் நாடு முழுவதும் நடந்தது. நாட்டின் சராசரி 2002இல் 75 விழுக்காடு, 2003இல் 79. பெல்ட் அணிவதில் மிகவும் பின்தங்கியிருந்தவர்கள் இளம் ஆண்கள், அதிலும் பிக்கப் வண்டி ஓட்டுபவர்கள். எனவே விளம்பரங்கள் விளையாட்டு ஒளிபரப்புகளுக்கு இடையே வந்தன. அவற்றில் மருத்துவமனைக் காட்சிகளைவிடக் காவலர் சன்னலைத் தட்டும் காட்சிகளுக்கே முதலிடம்.

யாரை நிறுத்துவார்கள்?

எந்த வண்டியையும் நிறுத்தும் அதிகாரம் காவலருக்குக் கிடைத்தால், எந்த வண்டி நிற்கும்? இந்தக் கேள்வி தொடக்கம் முதலே இருந்தது. மாநிலச் சட்டமன்றங்களில் முதல்நிலைச் சட்டத்தை எதிர்த்தவர்களில், அரசு தலையிடக் கூடாது என்ற வலதுசாரியினர் மட்டுமன்றிக் கறுப்பின உறுப்பினர்கள் பலரும் இருந்தனர். கறுப்பினத்தவர் காரோட்டிச் செல்வதையே குற்றமாகப் பார்க்கும் வழக்கத்துக்கு இன்னொரு சாக்கு கிடைக்கும் என்பது அவர்கள் அச்சம். 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இந்த அச்சத்தைக் கூட்டியது. போக்குவரத்து மீறல் ஒன்று உண்மையில் நடந்திருந்தால், காவலர் மனத்தில் வேறு நோக்கம் இருந்தாலும் நிறுத்தியது செல்லும் என்பது அத்தீர்ப்பு.

1997இல் டெக்சாஸின் லேகோ விஸ்டா என்ற சிற்றூரில் நடந்ததும் இங்கே சேர்த்துப் பார்க்கத்தக்கது. தன் இரு குழந்தைகளுடன் பிக்கப் வண்டியில் மெதுவாகச் சென்ற தாய் ஒருவர், மூவரும் பெல்ட் அணியாததற்காகக் கைவிலங்கிடப்பட்டுக் காவல் நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அந்தக் குற்றத்துக்கு உச்ச அளவு தண்டனையே 50 டாலர் அபராதம்தான், சிறை கிடையாது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2001 ஏப்ரலில், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், கைது அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று தீர்ப்பு வந்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி சூட்டர், அந்தப் பெண்ணுக்கு நேர்ந்தது தேவையற்ற அவமானம் என்பதை மறுக்கவில்லை. மாறுபட்ட தீர்ப்பை எழுதிய நீதிபதி ஓ'கானர், சிறு மீறலுக்குக் கைது செய்யும் கட்டற்ற அதிகாரம் தவறாகப் பயன்படும் என்று எச்சரித்தார். எட்டு மாநில இயக்கம் தொடங்கியது அதற்கு அடுத்த மாதம்.

அச்சம் வெறும் கற்பனையும் அன்று. புளோரிடா 2009இல் முதல்நிலைச் சட்டத்துக்கு மாறியது. 2014ஆம் ஆண்டுக்கான அம்மாநிலத்தின் தரவுகளை அமெரிக்கக் குடியுரிமைகள் ஒன்றியம் ஆராய்ந்தது. மக்கள்தொகையில் அவர்கள் பங்கோடு ஒப்பிட, கறுப்பினத்தவர் வெள்ளையரைவிட ஏறத்தாழ இரு மடங்கு பெல்ட் சீட்டு பெற்றிருந்தனர். மறுபக்கமும் உண்டு. பெல்ட் அணியாமல் இறப்பவர்களில் ஏழைகளும் சிறுபான்மையினரும் மிகுதி என்பதால், சட்டம் வலுத்தால் காக்கப்படும் உயிர்களும் அவர்களுடையவையே என்று ஆதரவாளர்கள் வாதிட்டனர். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். எல்லா வண்டிகளையும் வரிசையாக நிறுத்தும் தணிக்கைச் சாவடியில் இந்தப் பாகுபாட்டுக்கு இடம் குறைவு. ரோந்து வண்டியில் உட்கார்ந்து காவலர் தானே தேர்ந்தெடுக்கும்போது இடம் அதிகம். ஆனால் சில மாநிலங்களின் அரசியலமைப்பும் நீதிமன்றங்களும் சாவடிகளை அனுமதிப்பதில்லை. அந்த மாநிலங்களில் ரோந்துதான் வழி.

இயக்கத்துக்குப் பின்

2022இல் பகல் நேரக் கணக்கெடுப்பின்படி அமெரிக்க முன் இருக்கைப் பயணிகளில் 91 விழுக்காட்டினருக்கு மேல் பெல்ட் அணிந்திருந்தனர். அதே ஆண்டில் கார்களிலும் சிறு சரக்கு வண்டிகளிலும் இறந்தவர்களில், பெல்ட் நிலை தெரிந்தோரில் ஏறத்தாழ பாதிப் பேர் பெல்ட் அணியாதவர்கள். எஞ்சிய சில விழுக்காட்டினர்தான் இறப்புக் கணக்கில் பாதியாகிறார்கள். அவர்கள் இரவில் ஓட்டுபவர்கள், பின்னிருக்கையில் இருப்பவர்கள், நாட்டுப்புறச் சாலைகளில் செல்பவர்கள். பட்டப்பகலில் நகரச் சந்திப்பில் காவலர் நிற்பதாக வடிவமைக்கப்பட்ட இயக்கத்துக்கு இவர்கள் எளிதில் அகப்படுவதில்லை. பென்சில்வேனியாவின் ரெடிங் நகரம் 2000களின் நடுவில் இரவு நேர அமலாக்கத்தைச் சோதித்துப் பார்த்தது இதனால்தான். இருட்டில் பெல்ட் தெரிய, விளக்கு வெளிச்சமுள்ள சந்திப்புகளையும் இரவுப் பார்வைக் கருவிகளையும் நாட வேண்டியிருந்தது.

ஆண்டுதோறும் மே மாத இறுதியில், நினைவு நாள் விடுமுறையை ஒட்டி இயக்கம் இன்றும் நடக்கிறது. பெரியவர்களுக்குப் பெல்ட் சட்டமே இல்லாத ஒரே மாநிலம் நியூ ஹாம்ஷயர். பதினெட்டு வயதுக்குட்பட்டவர்கள் மட்டும் அங்கே பெல்ட் அணிந்தாக வேண்டும். மற்றவர்களைப் பொறுத்தவரை, 'கிளிக் இட் ஆர் டிக்கெட்' என்ற வாசகத்தின் பின்பாதிக்கு அம்மாநிலத்தில் பொருளில்லை. நாட்டிலேயே பெல்ட் பயன்பாடு குறைந்த மாநிலங்களின் வரிசையில் அதன் பெயர் தொடர்ந்து வருகிறது.